போகாதவள் திரும்பி வருவது எப்படி

கரக்பூர்
22-3-1970

தங்கச்சி கன்னியம்மாவுக்கு அண்ணன் அப்பாதுரை எழுதுவது.

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. ஒர்க்‌ஷாப் வாசலிலேயே பிரித்துவிட்டேன். மணமகள் மெட்டில்டா என்று போட்டிருக்கிறது. யாருடைய பத்திரிகையோ நமக்கு வந்துவிட்டது என்று கவரைத் திருப்பி விலாசம் பார்த்தேன். விலாசம் சரியாகத்தான் இருந்தது. அம்மா வைத்த பெயர் கீழே பொடி எழுத்தில் இருந்தது.

நீ அசரியாவைக் கட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவன் யார், வெள்ளைக்காரனா? நம் பின்தெருப் பையன். பீர்க்கன்கரணை ஏரியில் என்னோடு சேர்ந்து மீன் பிடித்தவன். அவன் தாத்தா வேதத்தில் சேர்ந்தார், நம் தாத்தா சேரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் இந்த ஞானஸ்நானத்துக்கு இப்போது என்ன அவசரம்? டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ முடிந்துவிட்டது, ஷெட்யூல்டு இடத்தில் உன் பெயர் வந்திருக்கிறது என்று நீயே எழுதினாய். ஆர்டர் கைக்கு வருவதற்குள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் என்ன ஆகும்? சர்க்கார் கணக்கில் கிறிஸ்தவருக்கு ஜாதி கிடையாது. ஜாதி இல்லாதவளுக்கு அந்த இடமும் கிடையாது. இதைச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லையா?

நம் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் நாற்காலியில் உட்காரப்போகிற முதல் ஆள் நீ. அதை நீயே தட்டிவிடப் பார்க்கிறாய். கல்யாணத்தைத் தள்ளிப்போடு. முடியாது என்றால் என்னை எதிர்பார்க்காதே. நான் வரமாட்டேன்.

அப்பாதுரை


பீர்க்கன்கரணை
2-4-1970

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாது. பெரிய வெள்ளிக்கு முன்பே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஞானஸ்நானம் வாங்காத பெண்ணுக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டார்கள். அது அவர்கள் வழக்கம்.

ஆனால் அதற்காக மட்டும் வாங்கினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா செத்த வருஷம் ஹாஸ்டலில் நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ கரக்பூரில் இருந்தாய். வார்டன் சாராள் அம்மாதான் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார்கள். அன்றிலிருந்து ஜெபம் பண்ணாமல் நான் தூங்கியதில்லை. என் சாமியை நான் எப்போது கும்பிட வேண்டும் என்று எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் தேதி குறித்துக் கொடுக்குமா?

ஜாதி இல்லை என்கிறாய். கோயிலில் முன்னால் பெஞ்சு போட்டிருக்கிறது, பின்னால் பாய் விரித்திருக்கிறது. நாங்கள் பாயில் உட்காருகிறோம். பெஞ்சில் யார், பாயில் யார் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. முடிச்சூர் ரோடு டீக்கடையில் எனக்கு எந்த கிளாஸ் வரும் என்பதும் உனக்குத் தெரியும். ஞானஸ்நானம் ஆனதைக் கடைக்காரருக்குத் தெரியப்படுத்தினால் கிளாஸை மாற்றிவிடுவாரா? கேட்டுச் சொல்.

வராவிட்டால் போ. உனக்கும் ஒரு இலை போட்டு வைப்பேன்.

மெட்டில்டா


பீர்க்கன்கரணை
17-1-1971

அண்ணாவுக்கு,

இத்தனை மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதியிருக்க மாட்டேன். இப்போது சொல்லிக்கொள்ள எனக்கு வேறு ஆள் இல்லை.

ஜூனில் ஆர்டர் வந்ததும், ஏரிக்கு அந்தப் பக்கத்து யூனியன் பள்ளியில் சேர்ந்ததும் உனக்கு ஊர்க்காரர் யாராவது எழுதியிருப்பார்கள். மூன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். நம் காலனிப் பிள்ளைகள் பாதிப்பேர் என் வகுப்பில். சும்மா பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டு ஓடிப்போகிற பிள்ளைகளெல்லாம் நான் போனதும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அரைப் பரீட்சை வரை நன்றாகத்தான் போயிற்று.

பிறகு பெயர் இல்லாத மனு ஒன்று போயிருக்கிறது. கிறிஸ்தவப் பெண் ஆதிதிராவிடர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று. விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கர்ணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் புங்க மரத்தடியில் நின்றுகொண்டு என்னை வரச் சொன்னார். நான் மாசமாக இருக்கிறேன், ஒரு ஸ்டூலாவது போடச் சொல்லியிருக்கலாம். எதிரில் நிற்க வைத்துத்தான் கேட்டார். ஞானஸ்நானம் எந்தத் தேதி, எந்தக் கோயில், யார் கொடுத்தது, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், "கிறிஸ்டியன்ல ஜாதி கெடையாதும்மா. அதனால இப்ப உங்களுக்கும் ஜாதி கெடையாது" என்றார். கல்யாண வாழ்த்துச் சொல்வதுபோல் சொன்னார்.

வெயிலாக இருந்தது. செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். இப்போதுதான் காபி சாப்பிட்டேன், வேண்டாம் என்றார். தெருமுனை திரும்பியதும் பெட்டிக்கடையில் சோடா உடைத்துக் குடித்தாராம், துணி எடுத்துக்கொண்டு போன எல்லம்மா அத்தை பார்த்திருக்கிறாள். எனக்கு ஜாதி இல்லை என்று எழுதிக்கொண்ட கையால் என் தண்ணீரை மட்டும் தொட முடியவில்லை அந்த மனுஷனுக்கு.

பொங்கலுக்கு முந்தின நாள் ரத்து ஆர்டர் வந்தது. நீ சொன்னபடியே ஆயிற்று. சந்தோஷமா?

மெட்டில்டா


கரக்பூர்
29-1-1971

அன்புத் தங்கச்சிக்கு,

சந்தோஷமா என்று கேட்டிருக்கிறாய். உன் லெட்டரைப் படித்த அன்று மிஷினில் கை போயிருக்கும், பக்கத்தில் இருந்தவன் பிடித்து இழுத்தான். அவன் பெயர் குர்னாம் சிங். பஞ்சாபி. அவன் ஊரில் அவன் ஜாதியும் நம் ஜாதிபோல ஊருக்கு வெளியேதான். தலைப்பாகை கட்டிக்கொண்டு குருத்வாராவுக்குப் போகிறவன். அவனும் ஷெட்யூல்டு இடத்தில்தான் வேலைக்கு வந்தான். ஐம்பதில் ஜனாதிபதி உத்தரவு போட்டபோது இந்து மதம் தவிர வேறு மதத்தில் இருப்பவன் ஷெட்யூல்டு கிடையாது என்றார்கள். ஐம்பத்தாறில் சீக்கியர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. நியாயம்தான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமியை மாற்றினாலும் சேரி மாறவில்லை என்று பஞ்சாபில் தெரிகிறது, பீர்க்கன்கரணையில் தெரியவில்லையா? சர்க்காரின் கண்ணை என்ன நரி கொண்டுபோய்விட்டதா?

மிஷன்காரர்கள் ஊரெல்லாம் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்களே. உன் கோயில்காரர்கள்தானே? போய்க் கேள். அவர்களுக்காகத்தானே எல்லாவற்றையும் விட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போ. அசரியாவிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்.

அப்பாதுரை


பீர்க்கன்கரணை
20-6-1971

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் மருமகனுக்கு நாலாவது மாதம் நடக்கிறது. சாலமோன் என்று பெயர். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை, நடுராத்திரி, வண்டி கிடைக்கவில்லை. எல்லம்மா அத்தைதான் பிள்ளையை எடுத்தாள்.

நீ சொன்ன மிஷன் பள்ளிக்குப் போனேன். மானேஜர் வேதசிரோமணி ஐயா எங்கள் கோயில் கமிட்டியிலும் செக்ரெட்டரி. முதல் பெஞ்சுக்காரர். என் டிரெயினிங் மார்க்கைப் பார்த்துவிட்டு நல்ல மார்க் என்றார். பிறகு என் அப்பா பெயர் கேட்டார், எந்தத் தெரு என்று கேட்டார். கேட்டு முடித்ததும் பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டார். "உங்க ஜனங்களுக்குத்தான் கவர்மென்ட்ல கோட்டா இருக்கேம்மா. அங்க போகாம எங்க பிள்ளைங்க இடத்துக்கு ஏன் வர்றீங்க?" என்றார்.

கேட்டாயா அண்ணா? அங்கே போனால் நீ கிறிஸ்தவள், இங்கே இடம் இல்லை என்கிறார்கள். இங்கே வந்தால் நீ சேரிக்காரி, அங்கே போ என்கிறார்கள். பந்து விளையாடுகிறார்களா? அவரும் நானும் ஒரே திருவிருந்து அப்பம் தின்றவர்கள். அந்த வாயால் எங்க பிள்ளைங்க, உங்க ஜனங்க என்கிறார்.

எனக்குப் பிற்பட்டவர் இடம் உண்டாம். கமிஷன் போட்டு அறிக்கை வாங்கியபின் அதை இருபத்தைந்திலிருந்து முப்பத்தொன்றாக ஏற்றியிருக்கிறார்கள், ஷெட்யூல்டுக்கும் பதினாறு பதினெட்டாகியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் அச்சாபீசில் கம்போஸ் பண்ணும்போது படித்துவிட்டு வந்து சொன்னார். நல்ல சேதிதான். ஆனால் அந்த முப்பத்தொன்றில் என்னோடு வரிசையில் நிற்கிறவர்கள் யார்? நம் அப்பாவைக் களத்தில் நிறுத்திக் கூலியைத் துண்டில் போட்ட வீட்டுப் பிள்ளைகளும் அதே வரிசை. அவர்களுக்கு நிலம் இருக்கிறது, ஆபீசில் ஆள் இருக்கிறது. விண்ணப்பம் போட்டேன். கார்டுகூட வரவில்லை.

என் வகுப்புக்கு இன்னும் டீச்சர் வரவில்லை. பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்து எப்போது டீச்சர் வருவீங்க என்று கேட்கிறார்கள்.

உன் தங்கை


கரக்பூர்
11-7-1971

அன்புத் தங்கச்சிக்கு,

மருமகனைப் பார்க்கக் கண் ஏங்குகிறது. ஆயுத பூஜைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

இங்கே தொழிற்சங்க ஆபீசில் ஒரு வக்கீலிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். வழி இருக்கிறது என்கிறார். மதம் மாறினவள் திரும்பி வந்துவிட்டால், அவள் கூட்டத்தார் ஏற்றுக்கொண்டால், பழைய ஜாதி திரும்பிவிடும் என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறதாம். பட்டணத்தில் திரும்ப இந்துவாகச் சேர்த்துக்கொள்கிற ஒரு சமாஜம் இருக்கிறது. ஒரு காலையில் வேலை முடிந்துவிடும், பத்திரம் கொடுப்பார்கள். அதை வைத்து தாலுகா ஆபீசில் மனுப் போடு. நாட்டாண்மை ஜெயவேலு மாமா வந்து நம் பெண்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

உன் மனசு எனக்குத் தெரியும். உள்ளே நீ யாரைக் கும்பிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர்கள் நம்மை ஏமாற்றிய கணக்குக்கு இது ஒரு ஏமாற்றா? அந்த நாற்காலி உன்னுடையது. போய் எடுத்துக்கொள்.

அப்பாதுரை


பீர்க்கன்கரணை
14-11-1971

அன்புள்ள அண்ணாவுக்கு,

லீவு கிடைக்காமல் நீ வராமல் போனது நல்லதாகப் போயிற்று. இங்கே நடந்ததைப் பார்த்திருந்தால் யாரையாவது அடித்திருப்பாய்.

நீ சொன்னபடி செய்தேன். மூன்று மாதம் யோசித்துவிட்டுச் செய்தேன். இவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, டவுன் வண்டியில் என்னோடு வந்து வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றார். ஹோமம் வளர்த்தார்கள். இதற்குச் சுத்தி என்று பெயராம். நான் எதில் அழுக்கானேன் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டார்கள். கன்னியம்மா என்றேன். ஆகட்டும் என்று என் பெயரை எனக்கே தானம் பண்ணினார்கள்.

எப்படியோ கோயிலுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் வேதசிரோமணி ஐயா எழுந்து, இனி எனக்குத் திருவிருந்தில் பங்கு இல்லை என்று வாசித்தார். பெஞ்செல்லாம் திரும்பிப் பாயைப் பார்த்தது. இவர் சாலமோனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இவருடைய மூன்று தலைமுறைக் கோயில் அது. இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால்கூடத் தேவலை.

சரி, அதையும் கொடுத்தாயிற்று, வேலையாவது வரும் என்று தாலுகா விசாரணைக்குப் போனோம். ஜெயவேலு மாமா வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஆபீசர் அவரிடம், இந்தப் பெண்ணை எப்போது திரும்பச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டார். அப்படிக் கேட்டால் போன மாசம் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை. மாமா என்ன சொன்னார் தெரியுமா?

"இன்னா சார் இப்டி கேக்குற? அவ எங்க போனா, திரும்பி வர்றதுக்கு? சர்ச்ல நடந்த கண்ணாலத்துக்கு நாங்கதான் பந்தக்கால் நட்டோம். என் மவனுக்கே வேதக்காரங்க வூட்லதான் பொண்ணு எடுத்துகீறேன்."

அப்படியென்றால் நீங்கள் இவளை ஒதுக்கவே இல்லையா என்று ஆபீசர் கேட்டார்.

"எங்கள ஒதுக்குறதுக்கு ஊரே கீது. நாங்க வேற ஒருத்தர ஒருத்தர் ஒதுக்கிக்கணுமா?" என்றார் மாமா.

எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல் இருந்தது, அதே நேரம் தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டும் போல் இருந்தது. ஆபீசர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஆர்டர் வந்தது. கூட்டத்தார் இவளை விலக்கியதாக நிரூபணம் இல்லை, விலக்காதபோது மீண்டும் சேர்த்ததாகவும் கொள்ள முடியாது, சடங்கு சலுகைக்காகச் செய்தது, புருஷன் கிறிஸ்தவன், ஆகவே மனு தள்ளுபடி.

மாமா வெளியே வந்து, சரியா சொன்னேனாம்மா என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னீர்கள் மாமா என்றேன். வேறென்ன சொல்வேன்?

கோயிலும் போயிற்று, வேலையும் போயிற்று. இனி நான் யார் என்று நீயாவது எழுது.

உன் தங்கை


கரக்பூர்
25-11-1971

அன்புத் தங்கச்சிக்கு,

நீ என் தங்கச்சி. அதற்கு எவன் முத்திரையும் வேண்டாம்.

உன் லெட்டரை குர்னாமுக்கு இந்தியில் சொன்னேன். அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான், இங்கே எழுத முடியாது. ஒரு ஜாதியில் இருந்தேன் என்று காட்ட அந்த ஜாதியாலேயே மிதிபட்டிருக்க வேண்டும் என்று சட்டம் பேசுகிறார்கள். நம் ஜனங்கள் கிறிஸ்தவன், இந்து என்று பார்க்காமல் ஒன்றாக இருந்ததுதான் குற்றமாகப் போயிற்று. பெரிய ஜாதிபோல நாமும் நாலு பேரைத் தள்ளி வைத்திருந்தால் இன்றைக்கு உனக்கு வேலை கிடைத்திருக்கும்.

வக்கீல் இன்னொரு வழி சொல்கிறார். மேல்மனுவுக்கு நேரம் இருக்கிறது. காலனிப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து கன்னியம்மாவை ஒதுக்கி வைத்தோம், அவள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடவில்லை, சடங்குக்குப் பிறகுதான் சேர்த்துக்கொண்டோம் என்று. பொய்தான். உண்மை சொல்லி என்ன கண்டோம்? பேசி எழுதி வாங்கி அனுப்பு.

அப்பாதுரை


பீர்க்கன்கரணை
6-2-1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாக்குமூலம் இல்லை. வராது. மேல்மனு நாளும் கடந்துவிட்டது. கோபப்படுவதற்கு முன்பு முழுவதும் படி.

ஜெயவேலு மாமாவுக்கு விஷயத்தை எடுத்துச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. தன்னால்தான் வேலை போயிற்று என்று தெரிந்ததும் மனுஷன் சாப்பிடவில்லை. எதை வேண்டுமானாலும் எழுது, போடுகிறேன் என்றார். பெரியவர்களெல்லாம் எங்கள் வீட்டில் கூடினார்கள். எழுதுவது யார்? அந்தக் கூட்டத்தில் தமிழ் திருத்தமாக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னை ஒதுக்கி வைத்ததாக நானே உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதினேன் அண்ணா. மேற்படி கன்னியம்மாளின் வீட்டில் நாங்கள் யாரும் அன்னம் தண்ணீர் புழங்குவதில்லை என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் எல்லாரும் என் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதினதை வாசித்துக் காட்டினேன். மாமா கைநாட்டு வைக்க விரலை நீட்டினார். எல்லம்மா அத்தை மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தக் கையாலதான் இவ புள்ளைய எடுத்தேன். இவள தொடமாட்டேன்னு அதே கையால மை வெக்க சொல்றியா?" என்று மாமாவைக் கேட்டாள். வேலை கிடைக்கும் அத்தை என்றேன். "கெடைக்கட்டும். பெரிய ஜாதிக்காரன் நம்மள சொல்றத நாமே நம்மள சொல்லிகினு அந்த வேல வேணுமா?" என்றாள். நான்தான் காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டேன். நீ திட்டினாலும் சரி.

ஒரு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்று போன வெள்ளிக்கிழமை யூனியன் ஆபீசுக்குப் போனேன். இந்துவோ கிறிஸ்தவளோ, தற்காலிகமாகவாவது அந்த வகுப்பை நடத்த விடுங்கள், ஒரு வருஷமாகப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்கலாமென்று. சாலமோனை இடுப்பில் வைத்துக்கொண்டு பெருங்களத்தூர் வரை நடந்து பஸ் பிடித்தேன். சர்டிபிகேட் எல்லாம் பையில் இருந்தது.

ஆபீஸ் வராந்தாவில் நோட்டீஸ் பலகை. புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நம் பள்ளியின் பெயர் கண்ணில் பட்டதால் நின்றேன். ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட மேற்படி ஆசிரியை இடத்துக்குத் தகுதியுள்ளவர் எவரும் கிடைக்காத காரணத்தால் அந்த இடம் பொதுப் பிரிவுக்கு மாற்றப்படுகிறது என்று போட்டிருந்தது. கீழே பச்சை மையில் கையெழுத்து.

எவரும் கிடைக்கவில்லையாம். நான் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். இடுப்பில் பிள்ளை அழுகிறது, எனக்குக் கேட்கவில்லை. எவரும் கிடைக்கவில்லையாம் அண்ணா! ஊரில் தேடினார்களா, காட்டில் தேடினார்களா?

உள்ளேயிருந்து பியூன் வந்தான். என் பின்னால் இரண்டு பேர் பலகையைப் பார்க்கக் காத்திருந்தார்கள் போலிருக்கிறது.

"இன்னாம்மா மறைச்சிகினு கீறே? தள்ளி நில்லு" என்றான்.

நான் நகரவில்லை.

உன் தங்கை